நாயோடு காரில் போகிறீர்களா? சீட்டு முதல் டிக்கி வரை கெடாமல் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் காருக்காகச் செய்யும் முதல் வேலை, ஷாப்பியிலோ லசாடாவிலோ ஒரு சீட் விரிப்புக்கு ஆர்டர் போடுவது. வந்ததும் மாட்டுவார்கள், நாயை ஏற்றுவார்கள், கொஞ்ச நாளில் காருக்குள் ஒரு புளித்த வாடை வரத் தொடங்கும். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் சீட்டின் இடுக்கில் கறை இருக்கும். விரிப்பு மட்டமானது என்று வேறொன்று வாங்குவார்கள், அதிலும் இதே கதைதான்.

இதில் பெரும்பாலும் விரிப்பைக் குறை சொல்ல முடியாது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் தவறு நடக்கிறது. இன்னொன்று, சிங்கப்பூரில் நாய் முடியைவிட ஈரம்தான் காருக்குப் பெரிய எதிரி. ஆண்டு முழுவதும் புழுக்கம், வண்டி நிற்பதோ பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நிழலில், கண்ணாடிகள் எல்லாம் மூடியபடி. சீட்டின் பஞ்சுக்குள் ஈரம் ஒருமுறை இறங்கிவிட்டால் தானாகக் காயவே காயாது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு வேலையிலும் "இந்த ஈரம் எங்கே போகும்?" என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாய் எங்கே உட்காரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விரிப்பின் அளவு, வகை எல்லாமே இதைப் பொறுத்தது. இதை முடிவு செய்யாமல் வாங்கினால் பாதிக் காசு வீண்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அனுமதிக்கப்படும் சின்ன வகை நாய் என்றால், அதாவது பொமரேனியன், ஷி சூ, மால்டீஸ், டாய் பூடில் மாதிரி, பயணக் கூடையே போதும். சின்னக் கூடை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் இறுக்கமாகப் பொருந்தும். பிரேக் போட்டாலும் நகராது, சீட்டில் நகமே படாது. அப்புறம் கூடைக்குள் ஒரு துணி, கூடைக்குக் கீழே ஒரு தண்ணீர் புகாத விரிப்பு, அவ்வளவுதான் வேலை.

சிங்கப்பூர் ஸ்பெஷல் எனப்படும் நம் ஊர் நாட்டு நாய், லாப்ரடார் போன்றவற்றுக்குப் பின் சீட்டு அல்லது திறந்த டிக்கி. திறந்த டிக்கி என்று நான் சொல்வது, பின் சீட்டோடு காற்றும் வெளிச்சமும் ஒன்றாக இருக்கும் எஸ்யுவி, ஹேட்ச்பேக் வகை. சாதாரண செடான் காரின் மூடிய டிக்கியில் எந்த நாயையும் எப்போதும் ஏற்றக் கூடாது.

முன் சீட்டு வேண்டவே வேண்டாம். முன்பக்கக் காற்றுப்பை விரிந்தால் நாய் தாங்காது. ஓட்டுபவரின் மடி அதைவிட மோசம்.

இடத்தை முடிவு செய்தபின் அதை மாற்றாதீர்கள். ஒரே இடத்தில் உட்காரப் பழகிய நாயால் கெடுவது அந்த ஓர் இடம் மட்டும்தான். இன்று பின் சீட்டு, நாளை மடி, மறுநாள் டிக்கி என்றால் கார் முழுவதையும் மூட வேண்டி வரும்.

2. விரிப்பு வருவதற்கு முன் சீட்டைச் சுத்தம் செய்து, காயவையுங்கள்

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தண்ணீர் புகாத விரிப்பு மேலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும். அதே மாதிரி கீழே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. முந்தின நாள் சிந்திய மைலோவோ நனைந்த குடையின் தண்ணீரோ சீட்டில் இருக்கும்போது மேலே விரிப்பைப் போட்டு மூடினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

தோல் சீட்டு என்றால் லேசான சோப்பு கலந்த தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் தோலுக்கான கண்டிஷனர் பூசி, அது முழுவதும் உறிஞ்சப்படும்வரை விடுங்கள். பிசுபிசுப்பு இருக்கும்போது விரிப்பைப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கைக்கிருமி போக்கும் ஆல்கஹால் துடைப்பான்களைத் தோலில் போடாதீர்கள், மேல்பூச்சு மங்கிவிடும்.

துணிச் சீட்டு என்றால் முதலில் வேக்கம், பிறகு ஈரத்துணி, பிறகு மின்விசிறி. துணிக்கான தண்ணீர் ஒட்டாத ஸ்பிரே அடிக்க நினைத்தால் இப்போதே அடித்துவிடுங்கள். நாய் ஏறுவதற்குள் அதன் வாடை முழுவதும் போயிருக்க வேண்டும்.

3. விரிப்பு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடைப் பக்கத்தில் எழுதியிருக்கும் "100% வாட்டர்புரூஃப்" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். துணி தண்ணீர் விடாமல் இருக்கலாம், தையல் விடும். வாங்கியதும் குளியலறையில் விரித்து, நடுத் தையல் மேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அடியில் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள். நனைந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்து, சாயம். கறுப்பு விரிப்புகள் பல, வெளிர் நிறச் சீட்டில் சாயத்தை இறக்கும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து விரிப்பின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். துணி சாம்பல் நிறமானால் அந்த விரிப்பைக் கறுப்புச் சீட்டு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்திருப்பார்கள். நல்லதுதான், ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் அந்த ரப்பர் சூடாகி, தோல் சீட்டிலும் வினைல் சீட்டிலும் புள்ளிப் புள்ளியாகக் கறை பதியக்கூடும். திறந்தவெளியில் நிறுத்துபவர்கள் சீட்டுக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணி போடுவது நல்லது.

நான் எல்லாருக்கும் சொல்வது தொட்டில் மாதிரி தொங்கும் விரிப்பைத்தான். முன் சீட்டின் தலைசாய்ப்பானிலிருந்து பின் சீட்டின் தலைசாய்ப்பான்வரை போகும், கால் வைக்கும் பள்ளத்தையும் மூடிவிடும். பிரேக் போட்டால் நாய் பள்ளத்தில் விழாது. ஆனால் நடுவில் வலை ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய கார்களில் பின்பக்கம் ஏர்கான் துவாரம் கிடையாது. வலை இல்லாத தொட்டில் முன்பக்கக் குளிர்காற்றை அடைத்துவிடும். நாய் மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், கண்ணாடி மங்கும், அது மறுபடியும் ஈரம்தான்.

பின் சீட்டின் ஓரத்தில் காற்றுப்பை இருக்கும் கார்களில் அந்தப் பகுதியை இறுக்கி மூடும் விரிப்பு ஆகாது. சீட்டின் பக்கவாட்டில் சின்னத் துணிப்பட்டியில் "ஏர்பேக்" என்று எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கிக்கு என்றால் ஓரம் உயர்ந்த ரப்பர் தட்டு. அதன் மேல் வழுக்காத துணி ஒன்று. பம்பருக்கு மேலே தொங்கும் மடிப்பும் வேண்டும், ஏனென்றால் நாய் ஏறும்போதும் குதிக்கும்போதும் நகம் கீறுவது அங்கேதான்.

4. மாட்டும் வரிசை: இரண்டு அடுக்கு, ஒரு அடைப்பு

என் அக்காள் மகன் ஒருமுறை கேட்டான்: "மாமா, விரிப்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எப்படி சீட்டு நனைஞ்சுது?" அவன் காரின் பின் சீட்டில் விரிப்பின் நடுவே கையை வைத்துக் காட்டினேன். சீட் பெல்ட் கொக்கி வெளியே வருவதற்காக விரிப்பில் கீறல் மாதிரி வாய் வைத்திருப்பார்கள், வெல்க்ரோ ஒட்டி மூடியிருக்கும். மற்ற இடமெல்லாம் தண்ணீர் புகாது. அந்த வாய் மட்டும் புகும். அது இருப்பதோ சீட்டும் முதுகுச் சாய்வும் சேரும் பள்ளத்தில், தண்ணீர் தானாக ஓடிவரும் இடத்தில்.

அதனால் வரிசை இப்படி.

முதலில் விரிப்பைப் போட்டு, நான்கு வார்களையும் தலைசாய்ப்பான்களில் மாட்டுங்கள், ஆனால் இறுக்காதீர்கள். பிறகு விரிப்பு நகராமல் பிடிக்க அதோடு வரும் உருளைகளைச் சீட்டு இடுக்கில் ஆழமாகத் தள்ளுங்கள். அதன்பிறகே வார்களை இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் உருளை உள்ளே போக இடம் இருக்காது, நாய் ஏறியதும் விரிப்பு மேலே வந்துவிடும்.

அடுத்து, நாயைக் கட்டப் போகும் சீட் பெல்ட் கொக்கியை எந்த வாய் வழியாக எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதை மட்டும் திறங்கள். மற்ற வாய்களை உள்ளிருந்து தண்ணீர் புகாத டேப்பால் மூடிவிடலாம். திறந்த வாயைச் சுற்றி ஒரு சிறுநீர் பேடை (நாய்க்கு விரிக்கும், ஈரம் உறிஞ்சும் மெல்லிய பேடு) மடித்துச் செருகுங்கள்.

கடைசியாக மேலே ஒரு பழைய குளியல் துண்டு. இதைத்தான் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் புகாத விரிப்பில் விழுந்த ஈரம் அங்கேயே தேங்கி நிற்கும், விரைவுச்சாலையிலிருந்து வளைவில் இறங்கும்போது ஓரத்துக்கு ஓடிக் கதவுப் பக்கம் வழியும். துண்டு அதை விழுந்த இடத்திலேயே உறிஞ்சிவிடும். துண்டு நழுவாமல் இருக்க நான்கு மூலையிலும் ஊக்கு வேண்டாம், நாய் கடித்துவிடும், முனைகளைச் சீட்டு இடுக்கில் செருகினால் போதும்.

5. கதவும் கண்ணாடியும்

தொட்டிலின் பக்கவாட்டு மடிப்புகளை ஜிப் போட்டு உயர்த்தினால் கதவின் கீழ்ப்பாதி தப்பும். மேல்பாதிக்குக் கதவுக்கான தனி அட்டை கிடைக்கும், கண்ணாடி இடுக்கில் செருகுவது. அதைச் செருகியபின் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள், சிக்கினால் பயன்படுத்த வேண்டாம்.

ஓட்டுபவர் பக்கம் உள்ள கண்ணாடிப் பூட்டுப் பொத்தானையும், பின் கதவின் குழந்தைப் பூட்டையும் போட்டுவிடுங்கள். நாய் முன்னங்காலைக் கதவில் வைத்து எட்டிப் பார்க்கும்போது பாதம் நேராகக் கண்ணாடிப் பொத்தான் மேல்தான் விழும்.

கண்ணாடியில் மூக்குத் தடமும் எச்சிலும் படும். நம் கார்களில் பலவற்றில் உள்பக்கம் வெயிலைத் தடுக்கும் சோலார் ஃபிலிம் ஒட்டியிருப்பதால் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம். ஃபிலிமும் கெடும், அந்த வாடை நாய்க்குச் சிறுநீர் மாதிரித் தோன்றி அங்கேயே போகவும் தூண்டலாம். ஈரமான மைக்ரோஃபைபர் துணி, அதன்பின் உலர்ந்த துணி, போதும்.

6. இப்போதுதான் நாய்

நகம் வெட்டுவது புறப்படும் நாளில் அல்ல, இரண்டு மூன்று நாள் முன்பு. வெட்டிய அன்று முனை கூர்மையாக இருக்கும். வெட்டியபின் அரம் போட்டுத் தேய்த்தால் இன்னும் நல்லது. எந்த விரிப்பையும் கிழிப்பது பெரும்பாலும் நீண்ட நகம்தான்.

புறப்படும் முன் வெளியே வைத்து நன்றாக முடி வாருங்கள். காருக்குள் கொட்டப் போகும் முடியில் பெரும்பங்கு அந்தச் சீப்பிலேயே வந்துவிடும்.

சாப்பாடு, பயணத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும். குட்டிகளுக்குப் பயண வாந்தி அதிகம். தண்ணீரை நிறுத்தாதீர்கள், ஆனால் ஏறும் நேரத்தில் வயிறு முட்டக் குடிக்க விடாதீர்கள். ஏற்றுவதற்கு முன் புளோக்கைச் சுற்றி ஒரு நடை, சிறுநீரும் மலமும் கழிந்தபின்தான் கார்.

புது விரிப்பில் முதல்முறை உட்காரும் நாய்க்கு அது வழுக்கும், சலசலக்கும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே, எஞ்சின் போடாமல், கதவைத் திறந்து வைத்து ஏற்றி இறக்குங்கள், ஏதாவது தின்னக் கொடுங்கள். பயந்த நாய் தோண்டும், தோண்டினால் விரிப்பு கிழியும். இதற்குச் செலவிடும் பொறுமை வேறெதையும்விடச் சீட்டைக் காக்கும்.

7. கட்டும் முறை

நாயைச் சீட் பெல்ட் கொக்கியோடு இணைக்கும் வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள். திடீர் பிரேக்கில் கழுத்தில் இழுபட்டால் நாய்க்குக் காயம்.

வாரின் நீளம்: எழுந்து உட்காரலாம், திரும்பிப் படுக்கலாம், ஆனால் கதவையும் முன் சீட்டையும் எட்டக் கூடாது. நீளத்தைச் சரிசெய்துவிட்டு நீங்களே கையால் இழுத்து எந்த இடம்வரை எட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வாங்கியபடியே விட்டுவிடுகிறார்கள், நாய் முன் சீட்டு இடைவெளியில் தலையை நீட்டி நடுப்பெட்டியெல்லாம் எச்சில் ஆக்கும்.

8. காரில் எப்போதும் இருக்க வேண்டியவை

பழைய துண்டு இரண்டு, சிறுநீர் பேடு சில, முடிச்சுப் போடக்கூடிய பிளாஸ்டிக் பைகள், ஒரு போத்தல் சாதாரணத் தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி, சிறுநீர், வாந்திக் கறையைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் சின்ன ஸ்பிரே ஒன்று. இவை டிக்கியின் அடியில் இருக்கக் கூடாது, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். வாந்தி எடுத்த நேரத்தில் தேடிக்கொண்டிருந்தால் பயனில்லை.

9. கடற்கரை, பூங்கா, மழை

கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போய்விட்டு வரும் நாயைத் துடைக்காமல் ஏற்றினால் மணலும் உப்பும் சேர்ந்து வரும். மணல் சீட் பெல்ட் கொக்கிக்குள் போய் அதை ஒட்டிக்கொள்ள வைக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சீட்டின் இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். அதனால் அங்கே இருக்கும் குளியல் குழாயில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு துடைத்து, பிறகு கொஞ்சம் நடக்க விடுங்கள். நாய் உடம்பை உதறும்வரை காத்திருங்கள். காருக்குள் ஏறியபின் உதறினால் மேற்கூரைத் துணிவரை தெறிக்கும், அந்தத் துணி மெல்லிய பஞ்சில் பசை வைத்து ஒட்டியது, ஊறத் தேய்த்தால் கழன்று தொங்கும்.

துடைக்கும் வரிசை: முதுகு, பக்கம், வயிறு, கடைசியில் பாதம். விரல் இடுக்குகளை விரித்துத் துடையுங்கள். பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் நாய் ஓட்டவெளியிலிருந்து வரும்போதும் இதே வேலைதான், மணலுக்குப் பதில் சேறு.

மதியத்துக்குமேல் இடி மழை வரும் நாட்களில் துண்டு இரண்டு போதாது, ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியில் எங்கே நிறுத்தினாலும் நாயைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் வெயிலில் சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

10. வீட்டுக்கு வந்ததும், வண்டியைப் பூட்டுவதற்கு முன்

சீட்டு தப்புவதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். களைப்பில் நாயை மட்டும் இறக்கிக்கொண்டு மேலே போய்விடுவார்கள். ஈரத் துண்டு மூடிய காரில் இரவு முழுவதும் கிடக்கும்.

மேல் துண்டை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துப் பையில் போடுங்கள். விரிப்பைத் துடையுங்கள். விரிப்பின் ஒரு பக்க வாரைக் கழற்றி மடித்துத் தூக்கி, சீட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள், முக்கியமாக அந்தக் கொக்கிப் பள்ளத்தை. ஈரம் இருந்தால் விரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காயவைக்க வேண்டும். துண்டை மற்ற துணிகளோடு இயந்திரத்தில் போடும் முன் வெளியே உதறுங்கள். விரிப்பைத் துணி மென்மையாக்கி போட்டுத் துவைக்கவோ உலர்த்தியில் சூடாகப் போடவோ கூடாது, தண்ணீர் தடுக்கும் பூச்சு உரிந்துவிடும்.

சீட்டைக் காயவைக்க எஞ்சினைப் போட்டு ஏர்கானை ஓடவிட நினைக்காதீர்கள். நிற்கும் வண்டியில் எஞ்சினைக் காரணமின்றி ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு. சார்ஜ் செய்யும் சின்ன மின்விசிறியை ஈரமான இடத்தைப் பார்த்து வைத்து, கதவைத் திறந்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பா இரவில் வைக்கலாம், ஆனால் அதில் சேரும் திரவம் தோலைக் கெடுக்கும், நாய் தட்டிவிட்டால் ஆபத்து. தரையில் நேராக வைத்து, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

11. சிறுநீரோ வாந்தியோ சீட்டில் இறங்கிவிட்டால்

தேய்க்காதீர்கள். தேய்த்தால் பரவும், ஆழமாகவும் போகும். வாந்தியில் திடமானதை அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுங்கள். பிறகு உலர்ந்த துண்டை வைத்து உங்கள் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள், துண்டில் ஈரம் வருவது நிற்கும்வரை இடம் மாற்றி மாற்றி.

பிறகு குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம், மறுபடி அழுத்தல். சுடுதண்ணீரும் நீராவியும் வேண்டாம், கறையும் வாடையும் இழையில் நிலைத்துவிடும்.

துணிச் சீட்டில் என்சைம் கிளீனரை மேலோட்டமாக அடித்தால் பயனில்லை. சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் அதுவும் போக வேண்டும், போத்தலில் சொல்லியிருக்கும் நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். மேலே ஒரு ஈரத்துணி போட்டு வைத்தால் சீக்கிரம் காயாது. துளை போட்ட தோல் சீட்டில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், இல்லையென்றால் துளை வழியாகப் பஞ்சுக்குள் போகும்.

அப்புறம், ஒன்றின் மேல் ஒன்றாக எதையும் ஊற்றாதீர்கள். பிளீச், வினிகர், வாசனை ஸ்பிரே எல்லாம் என்சைமின் வேலையைக் கெடுக்கும்.

12. முடியும் வாடையும்

வேக்கம் மட்டும் வைத்தால் முடி வராது, இழையில் மாட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுங்கள், முடி உருண்டு திரளும். டிக்கிக் கம்பளத்துக்குக் கண்ணாடி துடைக்கும் ரப்பர் பட்டை இன்னும் நல்லது. அதன்பிறகே வேக்கம்.

எல்லாம் சுத்தம் செய்தும் ஏர்கானைப் போட்டதும் வாடை வந்தால், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் முன்பக்கப் பொருள் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே எடுக்கலாம். நாய் ஏறும் காரில் சர்வீஸ் அட்டவணை சொல்வதைவிடச் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களைத் தொங்கவிட்டு வாடையை மறைக்காதீர்கள், அது நாய்க்கு நஞ்சு.

வாடகைக் காரோ பகிர்வுக் காரோ எடுப்பவர்கள், நாயை ஏற்ற அனுமதி உண்டா, சுத்தம் செய்யக் கட்டணம் பிடிப்பார்களா என்று முன்பதிவுக்கு முன்பே நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். ஏறும் முன் பின் சீட்டையும் கதவுகளையும் டிக்கியையும் படம் எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது அதே கோணத்தில் இன்னொரு முறை எடுங்கள்.